கதவில் பதிந்த கை

அத்தை வெறும் தகட்டை வெறுங்கையால் தொடமாட்டாள். கார் கதவிலிருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, முரட்டு உப்புத்தாளால் ஒரு தடவை, மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைப்பாள். பிறகு இரண்டு கையிலும் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டுதான் கதவைப் பெயிண்டரிடம் தூக்கிப் போவாள். வியர்வை பட்ட இடத்தில் துரு திரும்ப வரும் என்பது பதினோரு வருடத்தில் அவளாகக் கண்டுகொண்டது.

"காலுக்குப் போடறதைக் கையில மாட்டுற. நாளைக்குத் தலையில செருப்பா?" என்பார் மேஸ்திரி.

"உங்க தலைக்கு அளவு கிடைச்சா சொல்றேன் மேஸ்திரி."

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேறு வேலை கிடைக்கும்வரை என்று அத்தை வேலை பார்க்கும் பட்டறையின் முன்னறையில், எந்த வண்டிக்கு என்ன வேலை என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை, இரண்டு மாதத்துக்கு முன் பெயிண்ட் அடித்து அனுப்பிய நீலக் கார் திரும்பி வந்தது. முன்கதவில் பெயிண்ட் கொப்புளித்திருந்தது. மேஸ்திரி தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

"துருவைச் சரியா எடுக்கல. உன் அத்தை பேர்ல புகார் எழுது."

ஏற்கெனவே இரண்டு இருந்தன. மூன்றானால் ஆளை நிறுத்திவிடுவார்கள். தெரிந்தும் எழுதினேன். யாரோ சொன்னதைப் பிழையில்லாமல் எழுதத்தான் அத்தனை வருடம் படித்தேனா? அதோடும் நிற்கவில்லை. "கையெழுத்துப் போட்டு ஒரு மன்னிப்பு கேட்டுடு அத்தை, விட்டுடுவாங்க" என்றேன்.

"செய்யாத தப்புக்கா? போடி, படிச்சவளே!"

நேராகக் காரிடம் போனாள். கதவின் முன் குந்தி, வெளிச்சம் சாய்வாக விழும்படி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கொப்புளங்கள் சிதறிக் கிடக்கவில்லை. உள்ளங்கை ஒன்று, விரல்கள் ஐந்து. அதன்மேல் தன் கையை வைத்தாள். அவள் விரல்கள் ஒரு கணு முன்னாலேயே முடிந்துவிட்டன.

"மேஸ்திரி, இங்க வாங்க. பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி தகடு வழவழன்னு இருக்கான்னு தடவிப் பாக்காம உங்களுக்குச் சோறு இறங்காதே. வைங்க கையை."

அவர் கைகளைக் கட்டிக்கொண்டார். "கொப்புளத்துல கைரேகை பாக்கறியா? பேசாம தேய்ச்சு எடு."

தேய்த்தாள். கொப்புளங்களைச் சுற்றி எல்லாப் பெயிண்டையும் எடுத்தாள். பளபளத்த தகட்டின் நடுவே ஒரு நீலக் கை மட்டும் மிச்சம் நின்றது.

"இதை ஓனர் பாத்தப்புறம்தான் எடுப்பேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும். உங்க கையை என் பேர்ல எழுதிக்கிட்டு நான் போகமாட்டேன்."

மதியம் ஓனர் வந்தார். அத்தை சொன்னதைக் கேட்டுக்கொண்டே கதவைக் குனிந்து பார்த்தார். "கையைக் கொடுங்க மேஸ்திரி" என்றார். மேஸ்திரியின் கை அந்த நீலத்தில் அச்சாகப் பொருந்தியது.

"சரிம்மா, இந்தப் புகாரை அடிச்சிடறோம். வேலையைப் பாரு."

அத்தை நகரவில்லை. "என் பேர்ல புகார் இருக்கிற மத்த ரெண்டு வண்டியையும் வரச்சொல்லுங்க சார். அதையும் பாத்துடுவோம்."

ஓனர் பதில் சொல்வதற்குள், யாரும் கேட்காமலே, அந்த இரண்டு வண்டிகளின் எண்களையும் பதிவேட்டில் தேடி எடுத்து நான் உரக்கப் படித்தேன்.