சரிபார்த்தவர் கையெழுத்திடாத பக்கம்

ஹனிபா நானா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி அவருடைய மகளின் குரலில் வந்தது. "வாப்பா சுபஹ் தொழுதுட்டு வந்து கதிரையில இருந்தவர், அங்கிள். அப்படியே போயிட்டார். அஸர் தொழுகையோட அடக்கிறம்." பல் வைத்தியரிடம் காத்திருந்த நான் அப்படியே எழுந்து ஏறாவூருக்கு பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் கூடியிருந்தவர்கள் அவருடைய நீதிமன்றக் காலத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. அன்று சொல்லவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதிச் சொல்கிறேன்.

முப்பது வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற பின் எங்கள் சிறு குழு தொகுத்த மாவட்டக் கலைக்களஞ்சியத்துக்குச் சரிபார்ப்பவரானார். பதிவின் அடியில் அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. ஒரு பாடசாலை அதிபரின் மரணத்தைப் பற்றி "ஊரே அழுதது" என்று எழுதியிருந்தேன். "எத்தன பேர் அழுதத நீங்க கண்டீங்க, தம்பி?" என்று கேட்டார். மூன்று பேர் என்றேன். "அப்ப மூணு பேர் எண்டு போடுங்க, இல்லாட்டி வெட்டுங்க." வெட்டினேன்.

பிறகு செழியனின் பதிவு வந்தது. செழியன் என்பது இயக்கப் பெயர். ஆள் மண்டூரைச் சேர்ந்தவர், காட்டுச் சண்டையில் இறந்த கெரில்லாப் போராளி. பிறப்பு, படிப்பு, இயக்கத்தில் சேர்ந்தது, காயம், மரணம் எல்லாம் எழுதினேன். ஒரு மூன்று வாரத்தை மட்டும் எழுதவில்லை. அந்த நாட்களில்தான் வயலோரத்து முஸ்லிம் குடியிருப்பு ஒன்றுக்குள் ஆயுதக்காரர்கள் புகுந்து சுட்டார்கள். செழியனும் போனார் என்று ஊரில் கதை இருந்தது. பயத்தால் விட்டேன். ஒரு காலத்தில் அவரை மதித்தேன், அதாலும் விட்டேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "இந்த மூன்று வாரமும் எங்கே இருந்தார்?"

அந்தக் கேள்வி எப்படி வெளியே போனதென்று இன்றும் விளங்கவில்லை. நாலாம் நாள் என் வீட்டுப் படலையில் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "செத்தவரக் கிண்டாதீங்க அண்ணே. எழுதினத அப்படியே விடுங்க. உங்களுக்கும் புள்ளையள் இருக்கு." உடனே நானாவுக்குப் போன் எடுத்து, இதை விட்டுவிடுவோம் என்றேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்க பயப்படுறது சரிதான், தம்பி. வேணுமெண்டா முழுப் பதிவையும் எடுத்துடுவம். ஆனா நடுவுல ஓட்டைய வச்சு அச்சடிக்க ஒண்ணாது."

பதிவை எடுத்துவிட எனக்கும் மனமில்லை. அடுத்த சனிக்கிழமை குருமண்வெளித் துறையில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து இருவரும் மண்டூருக்குப் போனோம். செழியனுக்கு எஞ்சியிருந்த ஒரே உடன்பிறப்பு தங்கை புவனம். நான் சுற்றிவளைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். குடியிருப்பில் சுட்ட அன்று அண்ணன் எங்கே இருந்தார் என்று நானா நேராகவே கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அண்ணன் அண்டைக்கு மத்தியானம் வந்தவர். சோறு போட்டன், தொடல்ல. ரெண்டு நாளைக்குப் பிறகு சொன்னவர். 'அந்த வயல் வட்டைக்குள்ளால வழி காட்டினது நான்தான் புள்ள, நான் சுடல்ல' எண்டு. அம்மாக்கும் நான் இதச் சொல்லல்ல." பிறகு தலையை நிமிர்த்தி நானாவைப் பார்த்தாள். "உங்கட ஆக்கள் ஆரும் அங்க...?"

"ஓம், தங்கச்சி. என்ட மச்சான். ராத்தாவக் கட்டினவர்."

அவருடைய அக்காவின் கணவர் அங்கே இறந்தது எனக்கு அதுவரை தெரியாது. கதிரையை விட்டு எழவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. புவனம் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். நானாதான் பேசினார். "இத எழுதலாமா எண்டு இண்டைக்கே சொல்ல வேணாம். உங்கட வீட்டுக்கும் ஆக்கள் வருவாங்க."

"வரட்டும்," என்றாள் அவள். "எத்தன வருசமா நான் தனிய வச்சிருக்கன். எழுதுங்க."

திரும்பும்போது பாதையில் அவரோடு சண்டை பிடித்தேன். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா எனக்காக ஒரு சொல்லக் கூட்டிப் போட்டிருப்பீங்க," என்றார். கரை கிட்டும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா மறைச்சதும் பிழைதான். கோர்ட்டுல எண்டா என்ட சொந்தக்காரன்ட வழக்கில நான் வாய் திறந்திருக்க ஏலா."

மறுநாள், "செழியன் சுடவில்லை; வழி மட்டுமே காட்டினார்" என்று எழுதிக் கொண்டுபோனேன். 'மட்டுமே'யை அடித்தார். "சுடல்ல எண்டது அவர் சொன்னது. அத நமக்குச் சொன்னது தங்கச்சி. அப்படியே போடுங்க." இப்போது புத்தகத்தில் இருப்பது இதுதான்: "அக்குடியிருப்புக்குத் தாம் வழி காட்டியதாகவும், சுடவில்லை என்றும் செழியன் கூறியதாக அவருடைய சகோதரி தெரிவிக்கிறார்." வாசித்துப் பார்த்துவிட்டுப் பென்சிலை வைத்தார். "இனி இதுல நான் கையெழுத்து வைக்க ஏலா. நான் பாதிக்கப்பட்ட பக்கத்து ஆள். வேற ஒராள் பாக்கட்டும்." ஓய்வு பெற்ற பதிவாளர் அம்மா ஒருவர் எல்லாவற்றையும் மறுபடி விசாரித்த பின்தான் கையெழுத்திட்டார்.

புத்தகம் வந்தது. ஹெல்மெட்காரன் திரும்ப வரவில்லை. ஆனாலும் பல மாதம் வீதியில் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் எழுந்து போய்ப் படலையைப் பார்ப்பேன். புவனத்தின் வீட்டுக்குச் சில சொந்தக்காரர் இன்றும் வருவதில்லை. அவள் போனில் ஒன்று மட்டும் சொன்னாள்: "வாசிச்சன். இது என்ட அண்ணன்தான்." அதை நானாவிடம் சொன்னபோது, தலையசைத்துவிட்டு, "ராத்தாவுக்கும் ஒரு பிரதி வேணும்" என்றார். கொடுத்தேன்.

அடக்கம் நடந்த அன்று அந்த ராத்தாவை உள்வாசலில் கண்டேன். கண் பார்வை மங்கிப்போன மனிஷி. அந்தப் பக்கத்தை நானா அவருக்கு வாசித்துக் காட்டினாரா என்று நான் கேட்கவில்லை. முன்பென்றால், நானா வாசித்தார், ராத்தா கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருந்தார் என்று ஒரு வரி எழுதி இதை முடித்திருப்பேன். வாசித்தாரா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுத அவரிடம்தான் பழகினேன். அவர் விட்டுப்போனதில் நான் வைத்திருப்பது அதுதான்.