இரண்டு கதவுக் கூண்டு

திருவிடந்தையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கோழிக்கூண்டு கட்ட வந்த வெல்டர் ஒல்லியானவர். புருவத்தில் தீப்பொறி சுட்ட தழும்பு. எந்தக் கூண்டைக் கட்டி முடித்தாலும் தானே ஒருமுறை உள்ளே புகுந்து குந்திப் பார்ப்பது அவர் வழக்கம். கீரிப்பிள்ளை நுழையும் சந்து உள்ளிருந்து பார்த்தால்தான் தெரியுமாம். அன்றும் தவழ்ந்து உள்ளே போனார். கடற்காற்று கதவை அறைந்து சாத்த, வெளித்தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது.

"தொற சார்! தொற!"

ஓடிப்போய்த் திறந்தேன். கம்பிவலையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. சட்டையெல்லாம் வியர்வை. வெளியே வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் பின்பக்க வலையை வெட்ட ஆரம்பித்தார்.

"இன்னா பண்றீங்க அண்ணாத்த?"

"இன்னொரு கதவு வெக்கிறேன்."

"கோழிக்கு எதுக்கு ரெண்டு கதவு? கீரிப்புள்ள அது வழியா வந்துடப் போவுது."

"வந்தா வரட்டும் சார். உள்ள மாட்டிக்கினது வெளிய வர்றதுக்கு வழி வேணாமா?"

பின்பக்கம் இரண்டாவது கதவை மாட்டி, உள்ளிருந்தும் திறக்கிற மாதிரி ஒரு தாழ்ப்பாள் வைத்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார்.

இப்போது பொழுது சாய்ந்ததும் இரண்டு தாழ்ப்பாள்களையும் இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். கீரிப்பிள்ளை பயம் அதோடு போய்விடுகிறது. அதன்பின் படுக்கையறைக்குள் நுழையும்போதுதான் கதவைச் சாத்தக் கை வருவதில்லை. எங்கள் அறைக்கு ஒரே கதவு.