ஒரு கிழமை மருந்து

ஊரார் 'சென்றி' என்னும் தாண்டிக்குளம் இராணுவச் சோதனைச்சாவடியைக் கடக்கும் கலையில் பிரசாந்தனை மிஞ்சக் கிளிநொச்சியில் ஆளில்லை. அப்படிச் சொன்னவனும் பிரசாந்தன்தான்.

"என்னத்துக்குப் போறாய் எண்டு ஆமி கேட்டா, மருந்தெடுக்க எண்டு சொல்லுங்கோ. எவ்வளவு நாளெண்டா, ஒரு கிழமை, ஏழே நாள். உண்மை சொல்லுறவன் விசரன்" என்று ஊருக்கே பாடம் எடுத்தவன், மூன்று வருட மாணவர் விசாவோடு லண்டனில் போய் இறங்கினான்.

விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரியின் சீருடையைக் கண்டதும் கேளாமலே பையைத் திறந்து உடுப்பையெல்லாம் மேசையில் கொட்டினான். எதற்கு வந்தாய் என்றார் அதிகாரி.

"மருந்தெடுக்க. ஒரு கிழமையில போயிடுவன்" என்று திருத்தமான ஆங்கிலத்தில் ஒப்புவித்தான்.

திருப்பி அனுப்புவதா என்று யோசிக்க, அவனை ஓரக் கதிரையில் இருத்தினார்கள். மூன்று மணித்தியாலம் கழித்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தார்.

"தம்பி, உண்மையில என்னத்துக்கு வந்தனீர்?"

"படிக்கத்தான் அண்ணை."

"அப்ப ஏன் மருந்தெண்டனீர்?"

"உண்மையைச் சொன்னா விடமாட்டாங்கள் எண்டு நினைச்சன்."

மொழிபெயர்ப்பாளர் சிரிக்காமல் மொழிபெயர்த்தார். அதிகாரி சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

வீட்டுக்குப் போன முதற் கடிதத்தில் பிரசாந்தன் எழுதினான்: "எயார்போட்டில ஒரு கரைச்சலும் இல்லை. கதைக்கத் தெரிஞ்சவனுக்கு எல்லாச் சென்றியும் ஒண்டுதான்."