தோற்று வைத்த கணக்குகள்

கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள் என்றால் அது செஸ்தான். என் வீட்டுக்காரர் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். பழம் பறிக்கிறவர்களுக்குப் பேர் போடுவதும், பறித்த பழத்தை எடை போடுவதும் அவர் வேலை. அது முடிந்து வீட்டுக்கு வந்தால் பலகையை விரித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்துவிடுவார். எதிரில் ஆள் வேண்டாம். பத்திரிகையில் வரும் செஸ் புதிரைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, வெள்ளை எப்படி ஜெயிக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்வார். புதிர் என்று சொல்ல மாட்டார், கணக்கு என்பார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் கணக்கு முடியாமல் எழுந்திருக்க மாட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகம் இல்லை. பலகையை அடுப்பில் வைத்துவிடுவேன் என்று எத்தனையோ தடவை மிரட்டியிருக்கிறேன்.

பிறகு பெங்களூரில் இருக்கும் மகள் போனில் ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். கணக்கைச் சரியாகப் போட்டால் பச்சைக் குறி வரும், அடுத்தது கொஞ்சம் கஷ்டமாகும். தப்பாகப் போட்டால் சிவப்புக் குறி, அடுத்தது கொஞ்சம் லேசாகும். ஆளின் தரத்துக்குத் தகுந்த கணக்கை அதுவே பார்த்துக் கொடுக்கும். அவருக்கு அது ஏறிக்கொண்டே போனது. சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்க, இவர் குனிந்த தலை நிமிராமல் கணக்குப் போடுவார். டவர் போனால்தான் பக்கத்தில் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பது தெரியும்.

ஒருநாள் என்னை வலுக்கட்டாயமாக இழுத்து உட்கார வைத்து ஒன்றைக் காட்டினார். ராணியைக் கொண்டுபோய் எதிரி ராஜாவின் பக்கத்திலேயே வைத்தார். யானை அதை வெட்டியது. உடனே அவருடைய குதிரை செக் வைத்தது. ராஜாவைச் சுற்றி அவன் ஆட்களே அடைத்துக்கொண்டு நின்றதால் நகர இடமில்லை. ராணியைத் தூக்கிக் கொடுக்க மனசு வர வேண்டும், அதுதான் கஷ்டம் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குழம்பு தீய்கிறது என்று எழுந்து போனேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம், ஒண்டிக்கடை முக்கில் வண்டியை நிறுத்திவிட்டு, டீக்கடைக்காரரிடம் தன் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். என் தையல் கடை அங்கிருந்து கூப்பிடு தூரம், கடைக்குப் பின்னாலேயே வீடு. டீக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். சேலத்து டாக்டர் மறதி நோய் என்றார். மெல்ல மெல்லக் கூடும், குறையாது என்றார். திரும்பி மலையேறும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு டவர் இருந்தும் போனை எடுக்கவில்லை.

அதன்பின் தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். காலையில் காபியோடு ஒரே ஒரு கணக்கு.

"ஒரு கணக்கு வந்துருச்சுன்னா நான் இன்னும் இருக்கறேன்னு அர்த்தம், அம்மிணி" என்றார்.

வராத நாளில் போய்ப் படுத்துக் கம்பளியை இழுத்து மூடிக்கொள்வார். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். மழை பிடித்ததும் அந்த மாதிரி நாட்கள் அதிகமாயின. தப்பாகப் போட்டால் லேசாகும் என்ற பேரே தவிர, ஒரு நாளைக்கு ஒரே கணக்கு என்பதால் அது ஆடி அசைந்து இறங்கியது. அவர் அதைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

அதனால் அவருக்குப் பதிலாக நான் தோற்க ஆரம்பித்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு அவர் தூங்கும் நேரத்தில் போனைக் கடைக்கு எடுத்துவந்து, தையல் மெஷின் மேல் வைத்து, கண்ணில் பட்ட காயைத் தொட்டு எங்கேயாவது தள்ளிவிடுவேன். சிவப்பு வரும். அடுத்தது. மறுபடி சிவப்பு. ஒரு தடவை குருட்டாம்போக்கில் சரியாகப் போய்ப் பச்சை வந்துவிட்டது. அந்தப் போனைத் தரையில் அடிக்கலாம் போல இருந்தது. ரவிக்கை வாங்க வந்தவர்கள், எனக்கும் செஸ் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேலி செய்தார்கள்.

பலன் இருந்தது. காலையில் பச்சை வர ஆரம்பித்தது. அன்றெல்லாம் தலை வாரிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார், தோசை இன்னொன்று கேட்பார். சர்ச்சில் பாதிரியாரிடம் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஓவென்று கத்தவேண்டும் போலவும் இருந்தது.

தோற்றுத் தோற்று எனக்குச் செஸ் வந்துவிட்டது. கணக்கும் இறங்கி இறங்கி என் தரத்துக்கு வந்திருந்தது. முதலில் தெரியாமல் தோற்றவள், பிறகு எது சரி என்று தெரிந்து, அதை விட்டுவிட்டுத் தோற்றேன்.

பனி ஜன்னல் வரைக்கும் வந்திருந்த ஒரு காலை. அன்றைய கணக்கில் எதிரி ராஜா தன் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் மூலையில் நின்றான். நம் யானைக்கு முன்னால் வழி முழுக்கக் காலி. நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போனால் முடிந்தது. காபியைக் கொடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. காபியில் ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். என் விரல் துடித்தது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு சிப்பாயை நகர்த்தினார். சிவப்பு.

அவர் படுக்கப் போகவில்லை. யானையின் வழியை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"இது நொம்ப லேசான கணக்கு. எனக்கு இதெல்லாம் குடுக்காது" என்றார். பிறகு, "நீதான தோத்து வெச்ச?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எத்தன நாளா?"

"மழை புடிச்சதுல இருந்துங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஆறிப்போன காபியைக் கடைசிவரை குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு இன்னுங் கொஞ்சம் தோத்து வெய்யி, அம்மிணி."

கடைக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். முதல் கணக்கிலேயே ஜெயிக்கிற வழி கண்ணில் பட்டது. அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தொட்டேன். இதற்கும் கீழே இறங்க அதில் இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தோற்றுக்கொண்டே இருந்தேன்.