தையல்காரர் சுற்றிய நரம்பு

தூண்டில் சங்கத்தின் உறுப்பினர் அட்டையில் அவரைப் பற்றி இப்படி அச்சிட்டிருக்கிறது: ‘மீன்பிடிப்பாளர், முதல் நிலை. அனுபவம்: இருபத்திரண்டு ஆண்டுகள். திறந்த நீரில் தனித்து இயங்கத் தகுதியுடையவர்.’ பக்கத்தில் வட்ட முத்திரை, கீழே செயலாளரின் கையெழுத்து. மறுத்துப் பேச வழியில்லை.

அட்டைக்கு உரியவர் ஒரு தையல்காரர். வாழ்நாளில் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை, சாப்பிட்டதுமில்லை. திறந்த நீரில் அவருக்கு இருந்த தகுதி, படகுத்துறைப் பலகை லேசாக ஆடினாலே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. மீன் பிடிப்பவள் அவருடைய மனைவி. குடும்பத் தலைவர் பெயரில்தான் அட்டை கொடுப்போம் என்று சங்கம் அடம்பிடித்தது. விண்ணப்பத்தை நிரப்பியவள் அவள்தான் என்பதால், பெயரை அவருடையதாகவும் அனுபவத்தைத் தன்னுடையதாகவும் எழுதிக் காரியத்தை முடித்துவிட்டாள்.

சென்ற மழைக்காலத்தில் அவள் கடைப்படியில் வழுக்கி விழுந்தாள். வலது தோள் விலகிவிட்டது. மூன்று மாதம் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரர் சமைத்தார், அவள் பொறுமையாகச் சாப்பிட்டாள். அவள் எழுந்து நடமாடும் நாளுக்கு ஏதாவது செய்து வைக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. புதிய நைலான் தூண்டில் நரம்பு, கண்டுக்கு நூற்றைம்பது மீட்டராக மூன்று கண்டுகள் வாங்கிவந்து, அவளுடைய மூன்று தூண்டில் ரீல்களிலும் தானே சுற்றினார்.

எப்படிச் சுற்றுவது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. நூலைப் பற்றித் தன்னிடம் பிறர் கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம். கண்டின் நடுவே பென்சிலைச் செருகி, தையல் இயந்திரத்தின் கம்பியில் நூல்கண்டு உருள்வதுபோல அதை உருளவிட்டார். பாபினுக்குச் சுற்றுவதுபோல இறுக்கி, விளிம்பு வழிய நிரப்பினார். ஈரம் படாத இடமாக இருக்கட்டும் என்று இஸ்திரி மேசைக்கு மேலிருந்த அலமாரியில் அடுக்கி வைத்தார். மூன்றும் கண்ணாடிபோல மின்னின. பருத்தி நூல் பெருந்தன்மையானது. எப்படி நடத்தினாலும் மறந்துவிடும். நைலான் அப்படியில்லை. எப்படிச் சுருட்டி வைத்தோம் என்பதை அது மறப்பதேயில்லை.

கட்டு அவிழ்த்த மறுவாரம் அவள் கோலை எடுத்துக்கொண்டு அலைதடுப்புச் சுவருக்குப் போனாள். வீசினாள். முன்பெல்லாம் கடலில் நங்கூரமிட்ட எல்லை மிதவையைத் தாண்டி விழும் ஈயக்குண்டு, பக்கத்துப் பாறையிலேயே விழுந்தது. ரீலிலிருந்து நரம்பு வளையம் வளையமாகக் குதித்து வந்து காலடியில் குருவிக்கூடாகக் குவிந்தது. மூன்று காலைகள் இதே கதை, மூன்று ரீல்களிலும். கை தளர்ந்தால் நரம்பு குவியும் என்பது அவளுக்குத் தெரியும். கணவர் சுற்றினாலும் குவியும் என்பது தெரியாது. இதுவரை கடையிலேயே சுற்றி வாங்கித்தான் அவளுக்குப் பழக்கம்.

நான்காம் நாள் தன் தம்பிக்குப் போன் செய்தாள்.

“டேய், ஞாயித்துக்கிழமை வந்து கோல் மூணையும் எடுத்துட்டுப் போயிடு. என் கை போச்சு.”

தம்பி கப்பல் பட்டறையில் வெல்டர். ஞாயிறுவரை காத்திருக்க மனமில்லாமல் வெள்ளிக்கிழமையே தையல் கடைக்கு வந்து, சொத்தைப் பார்வையிடுகிற வாரிசுபோல ஒரு கோலை எடுத்து, தெருவில் நின்று ரீலைக் கொஞ்சம் அவிழ்த்தார். நரம்பு துள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

“மாமா, இது என்ன நரம்பா, மெத்தைக்குள்ள வைக்கிற ஸ்பிரிங்கா?”

“புதுசு மச்சான். நானே சுத்தினேன்.”

வெல்டர் ஒரு முழம் இழுத்து, இரண்டு நுனிகளையும் பக்கத்தில் கொண்டுவந்தார். நரம்பு தன்னைத்தானே கட்டிப்பிடித்து முறுக்கிக்கொண்டது.

“பாத்தீங்களா? கண்டை உருட்டி ஏத்தியிருக்கீங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு. தரையில படுக்கப் போட்டு, லேபிள் மேல பாக்குற மாதிரி வச்சு சுத்தணும். பத்து சுத்து சுத்திட்டுத் தளர்த்திப் பாக்கணும். முறுக்கிக்கிட்டா கண்டைத் திருப்பிப் போடணும். இதுல விளிம்பு வரைக்கும் ரொப்பி, இஸ்திரி சூட்டுல வேற வச்சு வேகவிட்டிருக்கீங்க!”

“அப்போ உங்க அக்கா கை?”

“கைக்கு என்ன கேடு? இந்த நரம்பை வச்சுக்கிட்டு யார் வீசினாலும் இதே கதிதான்.” கோலைச் செல்லமாகத் தடவிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிக்காதீங்க. அவளே மனசைத் தேத்திக்கிட்டா. நான் எடுத்துட்டுப் போய் வேற நரம்பு போட்டுக்கிறேன்.”

மானம் காக்கும் யோசனைதான். சட்டை இறுக்குகிறது என்று யார் வந்து நின்றாலும் தையல்காரர் ஒரே பதில்தான் சொல்வார்: “தையல் சரியாத்தான் சார் இருக்கு. உடம்புதான் ஒரு சுத்து கூடியிருக்கு.” முப்பத்தெட்டு வருடத்தில் அவருடைய அளவுநாடா ஒரு தடவைகூடத் தவறியதில்லை, தவறெல்லாம் வாடிக்கையாளர்களின் வயிற்றில்தான்.

வெல்டர் போனபின், சத்தமில்லாமல் தானே சரிசெய்துவிடலாம் என்று ஒரு வழி தோன்றியது. சுருக்கத்துக்கு அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. இரண்டு மீட்டர் நரம்பை வெட்டி, ஈரத்துணி போர்த்தி, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தார்.

“ஏங்க, என்ன தீயுது?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுமில்ல, பட்டன்!”

அன்று மாலை அவள் கோல்களைத் துடைத்துப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள். “வயசாயிடுச்சு, அவ்வளவுதானே. இதுல வருத்தப்பட என்ன இருக்கு?” என்றாள். ஆனால் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அதை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள், ஏதோ குற்றம் செய்துவிட்டு வந்த குழந்தையைப்போல. அந்தப் பார்வை தையல்காரருக்குத் தெரியும். தம்முடைய உடம்புதான் தப்பு என்று நம்பிவிட்ட ஆட்கள், அவர் கடைக்கண்ணாடி முன்னால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படித்தான் நிற்பார்கள்.

“உன் கை நல்லாத்தாம்மா இருக்கு.”

“சும்மா சமாதானம் சொல்லாதீங்க.”

“சமாதானம் இல்ல. நரம்பை நான்தான் தப்பா சுத்திட்டேன். பாபின் மாதிரி. தப்பு என்னோடது.”

அவள் நீவுவதை நிறுத்தினாள். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எதுக்கு?”

“கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருஷத்துல இப்பத்தான் முதல் தடவை. சரியாத்தான் காதுல விழுந்துச்சான்னு பாக்கணும்.”

அவர் மறுபடி சொன்னார். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது.

“நாலு நாளா இந்தக் கையைத் திட்டித் தீத்துட்டேனே,” என்றாள்.

“மிச்சத்தை என்னைத் திட்டு.”

“அதுக்கு நேரம் இருக்கு. முதல்ல சரி பண்ணுங்க. அப்பவும் வரலைன்னா அவன் எடுத்துட்டுப் போகட்டும்.”

சனிக்கிழமை கடைக்கு விடுமுறை. தையல்காரர் வெட்கத்தை விட்டு மச்சானிடமே வழி கேட்டார். முறுக்கு இழுத்தால் போகாது, தண்ணீர்தான் எடுக்கும் என்றார் வெல்டர். நுனியில் கொக்கியும் ஈயமும் இல்லாமல் வெறும் நரம்பைப் படகுக்குப் பின்னால் நீளமாக விட்டுக்கொண்டு போனால் அது தானாகச் சுழன்று அவிழ்ந்துவிடும்.

“நீங்க கரையில இருங்க மாமா, நான் பாத்துக்கிறேன்.”

“சுத்தினவன் நான்,” என்று தையல்காரர் வாடகைப் படகில் ஏறினார்.

கடல் அன்று தட்டில் ஊற்றிய தண்ணீராகத்தான் கிடந்தது. இருந்தும் ஒவ்வொரு ரீலுக்கும் ஒரு முறை அவர் படகின் ஓரத்தில் குனிந்து வாந்தியெடுக்க வேண்டியிருந்தது. கோலை மட்டும் விடவில்லை.

மதியம் தெருவில் இரண்டாம் பாகம்: முறுக்குப் போனபின், சூட்டில் படிந்த வளைவை இழுத்து நேராக்குவது. நுனியை மின்கம்பத்தில் கட்டி, இருபது தப்படி பின்னால் நடந்து, நரம்பு மெல்ல நீளும்வரை இழுத்து, முப்பது எண்ணும்வரை பிடித்தார். வளையங்கள் தளர்ந்து நேராயின. அடுத்த இருபது தப்படி. சைக்கிளில் வந்த பால்காரர் குனிந்து கடந்தார். “துணி காயப்போடக் கொடி கட்டுறீங்களா மாஸ்டர்?” கடைசியில் ஈரத்துணிக்குள் நரம்பைப் பிடித்தபடி சுற்றிமுடித்தார். முறுக்குப் போன நரம்பு நெருங்கிப் படிந்ததில் விளிம்புக்குச் சற்று இடமும் மிஞ்சியது.

ஞாயிறு காலை அவள் வீசினாள். முதல் வீச்சு பயந்த வீச்சு, பாதியில் விழுந்தது. ஆனால் நரம்பு குவியவில்லை. இரண்டாவதில் தோளை நம்பினாள். நரம்பு சத்தமில்லாமல் ஓட, ஈயம் மிதவையை ஒட்டி விழுந்தது.

“முன்ன இதைத் தாண்டும்,” என்றாள். “கையிலயும் கொஞ்சம் குறை இருக்குபோல.”

தையல்காரர் ‘சுத்தினது சரியாத்தான்’ என்று ஆரம்பிக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

“அக்கா, அப்போ எனக்கு?” என்றார் கோல்களைக் கட்டி எடுத்துப்போகக் கயிறோடு வந்திருந்த வெல்டர்.

“உனக்கா? உங்க மாமா இன்னும் தள்ளாடுறார் பாரு. கைத்தாங்கலா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. கோல் இங்கயே இருக்கும்.”

தையல்காரர் செய்தது இதுதான். மனைவியின் தோள்மேல் விழுந்த பழியைத் தன்னுடையது என்று இரண்டு முறை சொன்னார். பிறகு, இஸ்திரியில் தீய்ந்த இரண்டு மீட்டர் போக, மீதி நானூற்று நாற்பத்தெட்டு மீட்டர் நரம்பை அவிழ்த்து, முறுக்கெடுத்து, நேராக்கி, மறுபடி சுற்றிக்கொடுத்தார்.