ரோசெல்லாவின் படகில் என் அண்ணன்கள்

ரோசெல்லா மேண்டர்சனைச் சால்மன் மீன்பிடி கைடு வேலையிலிருந்து நிறுத்தியதற்கு அவள் வாயைத் தவிர வேறு காரணம் கிடையாது. தூண்டில் வீசுவதில் எங்கள் ஊர் மிராமிச்சி ஆற்றில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சால்மன் பிடிக்க வருகிறவர்கள் பூசைக்கு வருகிறவர்களைப் போல. பக்கத்தில் யாராவது தும்மினாலே முகம் சுளிப்பார்கள். பாஸ்டனிலிருந்து வந்த ஒரு வக்கீல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது, இவள் தன் பித்தப்பை ஆபரேஷனைத் தையல் பிரித்ததுவரை சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலமே அவளை வேலைக்கு வைத்திருந்த மீன்பிடி விடுதிக்காரர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் ஊருக்கு ஊர்வாய் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை, ரோசெல்லா போதும்.

அவளுக்குச் சோறு போட்டது பாஸ் மீன். மே மாதம் பிறந்தால் உடம்பெல்லாம் கோடு போட்ட பாஸ்கள் கடலிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறும். முட்டையிடும் நேரத்தில் அவை தண்ணீர் மேல் புரண்டு அடிக்கிற அடியில் பக்கத்துப் படகின் பேச்சே கேட்காது. அந்தக் கூத்தில் ரோசெல்லா பேசினால் என்ன, மேளம் அடித்தால்தான் என்ன? ஒரு பழைய அலுமினியப் படகை வாங்கிப் பாஸ் கைடு ஆகிவிட்டாள். இரு கரையிலும் எந்த வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை என்று சொல்லிக்கொண்டே படகை ஓட்டுவாள். போன வருஷம் வந்தவர்கள் இந்த வருஷமும் வருவது மீனுக்காக மட்டும் அல்ல, பச்சைக் கூரை வீட்டுக்காரி புருஷனிடம் திரும்பிப் போனாளா என்று தெரிந்துகொள்ளவும்தான். ரோசெல்லாவின் புருஷன் கார்ல் மட்டும் அந்தப் படகில் ஏறமாட்டார். வீட்டில் கேட்பதே தனக்குப் போதும் என்பார்.

போன வசந்தத்தில் எனக்கு இரண்டாம் கல்யாணம் கூடிவந்தது. ஐம்பத்தொன்பது வயதில் எதற்கு என்று கேட்டவர்களுக்கும் பத்திரிகை வைத்தேன். மாப்பிள்ளை லியோபோல்ட் சிங்க இறால் பிடிக்கிறவர், நல்ல பொறுமைசாலி. சனிக்கிழமை கல்யாண விருந்தில் என் இரண்டு அண்ணன்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுதான் என் ஒரே ஆசை. அது நடக்கிற வழியாகத் தெரியவில்லை. எல்டனும் அவனுக்கு இளையவன் மர்ரேயும் பேசிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவர்களைப் படகில் வைத்துக்கொண்டு அப்பா கடைசியாகத் தூண்டிலில் மாட்டிய சால்மன் படகோரம் வந்து அறுத்துக்கொண்டு போய்விட்டது. மர்ரே கைவலையைத் தூண்டில் நரம்பில் இடித்ததால்தான் என்றான் எல்டன். எல்டன் படகைத் திருப்பியதால்தான் என்றான் மர்ரே. மீனை விட்ட அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இந்தக் கல்லுளிமங்கன்கள் இரண்டு பேரும்தான் விடவில்லை. அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்று தனித்தனியே சொல்லி அனுப்பினார்கள்.

ரோசெல்லாவிடம் போய் அழுதேன்.

"ரெண்டு பேரையும் வியாழக்கிழமை என் படகுக்கு வரச் சொல்லு. நீயும் வா. ஒருத்தன் வர்றது இன்னொருத்தனுக்குத் தெரிய வேணாம்," என்றாள்.

எல்டன் முதலில் வந்து படகில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் வந்த மர்ரே அவனைக் கண்டதும் படகுத்துறையிலேயே நின்றான்.

"ஏறுப்பா மர்ரே," என்றாள் ரோசெல்லா. "உங்கண்ணன் கடிக்கமாட்டான். போன மாசம்தான் பல்லு பூராப் புடுங்கிட்டு வந்தான்."

நான் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். ஏறிவிட்டான்.

"கிளெண்டா, காலைத் தள்ளி வைக்கச் சொல்லு அவன," என்றான் எல்டன் என்னிடம்.

"இது என்ன அவன் வாங்கின படகான்னு கேளு."

இரண்டு முழத் தூரத்துக்கு நான் தபால்காரி. ரோசெல்லா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல், பாதிரியாரின் புது டோப்பாவைப் பற்றி ஆரம்பித்து, கார்லின் கால் ஆணி வரைக்கும் போய்விட்டாள். அப்போது எல்டனின் தூண்டில் வளைந்தது.

"வெடுக்குன்னு இழுப்பா. இது சால்மன் இல்ல, கும்பிட்டுக்கிட்டுக் காத்திருக்க," என்றாள்.

இழுத்தான். பெரிய மீன், நரம்பு கூவிக்கொண்டு ஓடியது. ஆற்றின் இழுப்பில் ரோசெல்லாவால் மோட்டாரை விட முடியவில்லை. "வலை உன் காலடியில கெடக்கு மர்ரே, எடு."

மர்ரே கையைக் கட்டிக்கொண்டான். "நான் தொடமாட்டேன். இன்னொரு தடவ பழி சுமக்க என்னால ஆகாது."

"அவன் வலை எனக்கும் வேணாம்," என்றான் எல்டன்.

சனிக்கிழமை விருந்து போச்சு என்று நினைத்தேன்.

"எதுக்குப்பா இந்த ரோஷம்?" என்றாள் ரோசெல்லா. "உங்கப்பா விட்டது என்ன பெரிய மீனா? எட்டு பவுண்டு இருக்குமா?"

எல்டன் தூண்டிலைப் பிடித்தபடியே திரும்பினான். "எட்டா?"

"மிஞ்சிப் போனா எட்டரை. வயசான மனுஷன், குஞ்சு மீனப் பாத்துத் திமிங்கலம்னாரு."

மர்ரே எழுந்துவிட்டான். "யாரு சொன்னது? இருபத்தஞ்சுக்குக் கொறயாது. நீ சொல்லுண்ணே இவகிட்ட."

"இருபத்தெட்டு," என்றான் எல்டன். "படகோரம் பக்கம் சாஞ்சு காட்டுச்சே, நீ பாத்தியா இல்லியா?"

"பாக்காம என்ன. கீழ்த்தாட கொக்கி மாதிரி வளஞ்சு கெடந்துச்சு."

"தாட வளஞ்சா கெழட்டு மீனு," என்றாள் ரோசெல்லா. "எளச்சுப் போயிருக்கும். ஏழுன்னு வச்சுக்கலாம்."

"வாய மூடு ரோசெல்லா," என்றார்கள் இருவரும் சேர்ந்து.

இதற்குள் மர்ரே வலையை இறக்கி எல்டனின் பாஸை அள்ளி உள்ளே போட்டிருந்தான். பழகிய கை தானே செய்துவிட்டது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டிய மீன். ரோசெல்லா கொக்கியைக் கழற்றி அதைத் திரும்ப ஆற்றில் விட்டதையும் கவனிக்கவில்லை. கையை விரித்து அப்பாவின் மீனை அளந்துகொண்டிருந்தார்கள். ரோசெல்லா நிஜமாகவே வாயை மூடிக்கொண்டாள். கரை சேரும்வரை ஒரு சொல் கிடையாது, பேச்சை அடக்கியதில் முகமெல்லாம் சிவந்துவிட்டது.

துறையில் இறங்கியதும் அவளைக் கட்டிக்கொண்டேன். "எட்டு பவுண்டுன்னு உனக்கு யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. அன்னிக்கு நான் அந்தப் பக்கமே இல்ல," என்றாள். பிறகு அதுவரை அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்துப் பேசத் தொடங்கினாள். நான் நின்று கேட்டேன்.

சனிக்கிழமை முன்யோசனையாக இருவரையும் மண்டபத்தின் இரண்டு கோடியில் உட்காரவைத்திருந்தேன். சூப் வருவதற்குள் மர்ரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எல்டனிடம் போய்விட்டான். அந்த மீனின் வாலைப் பற்றி ஏதோ நினைவுக்கு வந்ததாம். தட்டில் சாப்பாடு ஆறிக் கிடந்தது. என் கல்யாணத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

கேக் வெட்டும் நேரத்தில் மீன் முப்பத்தெட்டு பவுண்டுக்கு வந்திருந்தது. லியோபோல்ட் என் காதோரம் குனிந்தார். "நெசமாவே எவ்வளவு இருந்துச்சு?"

அன்றைக்குக் கரையில் நின்று பார்த்தவள் நான். பன்னிரண்டுகூட இருக்காது.

"நாப்பது," என்றேன்.