சொல்லிவிட்டுத்தான் போனாள்

ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருப்பது பாடம் நடத்துகிற வேலை இல்லை, தலை எண்ணுகிற வேலை. காலையில் எண்ண வேண்டும், சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் எண்ண வேண்டும், வீட்டுக்கு அனுப்பும்போது எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாக வந்தால் நிம்மதி வருமா என்றால் அதுவும் வராது. ஒருத்தியை இரண்டு தடவை எண்ணிவிட்டோமோ என்று சந்தேகம் வரும். என்னைப் போல ஆறாம் வகுப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், பிள்ளையைப் புதுப் பள்ளியில் விட்டுவிட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கும் இது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் பல வருஷமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். அங்கே பயப்பட வேண்டியது ரிசல்ட் வரும் ஒரு நாள்தான். இந்த ஜூனில் எங்கள் தலைமை ஆசிரியை மேடம் என்னைக் கூப்பிட்டு, ஆறு ‘பி’யைக் கையில் கொடுத்தார். எங்கள் பெண்கள் பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கேட்டைத் தாண்டினால் பஸ், பஸ்களைத் தாண்டினால் காவிரி. அன்றிலிருந்து தினமும் எனக்கு ரிசல்ட்தான்.

ஒரு மாசத் தவணை

தர்ஷினியின் ஊர் லால்குடி தாண்டி உள்ளே போக வேண்டும். அப்பா விவசாயி. எட்டாவது வரைக்கும் ஊரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் திருச்சிப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் லேப் இருக்கிறது என்று யாரோ இந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார்கள். மே மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடாமல் அடம்பிடித்து, அப்பாவை இங்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சேர்க்கை முடிந்ததும் அப்பா என்னைத் தேடி வந்தார். தர்ஷினி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிரே இருந்த லேப் ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கிற பிள்ளையை எந்த டீச்சருக்குத்தான் பிடிக்காது? எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. அப்பாவோ ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு மாசம் பாக்குறேன் டீச்சர். தனியா பஸ்ல போயி வர்ற பொண்ணு. ஏதாவது முன்னப் பின்ன ஆச்சுன்னா ஊர்லயே சேத்துப்புடுவேன், அப்ப நீங்க வருத்தப்படக் கூடாது.”

தும்மலுக்கும் அனுமதி

முதல் நாள் மேடம் புதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியின் நெறிமுறைகளைச் சொன்னார். உண்மை பேச வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும், பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டீச்சரிடம் சொல்லாமல் எங்கேயும் போகக் கூடாது, எதுவும் செய்யக் கூடாது. எங்கள் பி.டி. டீச்சர் ரெஜினா அதைப் பிள்ளைகளின் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ரெஜினா சொல்ல வைத்தால் காவேரிப் பாலம் வரைக்கும் கேட்கும்.

அது நன்றாகவே ஏறிவிட்டது. மறுநாள் ஒரு கணக்கை முழுசாகப் போட முடியவில்லை. மிஸ், ரப்பர் எடுக்கலாமா? மிஸ், பக்கத்தைத் திருப்பலாமா? மிஸ், தண்ணி குடிக்கலாமா? குடித்துவிட்டு, மிஸ், மூடி போடலாமா? நான் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். முன் பெஞ்சில் இருந்த ஆயிஷா கையைப் பாதி தூக்கியவள் ‘அச்’ என்று தும்மிவிட்டு, கண் கலங்க எழுந்து நின்றாள். “கேக்கலாம்னுதான் மிஸ் கையத் தூக்குனேன், அதுக்குள்ள வந்துடுச்சு.”

வாடகை ஹவுஸ்

விளையாட்டுக்காகப் பிள்ளைகளை ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ் என்று பிரிப்பது வழக்கம். எங்கள் பள்ளியில் அது ரெஜினாவின் ராஜ்ஜியம். தொடக்கப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்து, யார் யார் எந்த ஹவுஸ் என்று ஒரு தடவை வாசித்தார். பிறகு ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எடமலைப்பட்டி புதூரிலிருந்து வருகிற குட்டிப் பெண்ணிடம், “உன் ஹவுஸ் எது?” என்று அதட்டினார். அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். உண்மை பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோமே. “வாடகை ஹவுஸ் மிஸ். ஹவுஸ் ஓனர் மாடியில இருக்காங்க.”

மணி அடித்தால்

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அவர்களுக்கு ஒரே டீச்சர். காலையில் பார்த்த முகம்தான் சாயங்காலமும். இங்கே மணிக்கு மணி ஒருவர் வருவார், ஒருவர் போவார். முதல் வாரம் மணி அடிக்கும்போதெல்லாம் பாதி வகுப்பு பையை எடுத்து மாட்டிக்கொண்டது. மீதிப் பாதி என் முகத்தைப் பார்த்தது.

தர்ஷினி பையை எடுக்கவில்லை. சாக்பீஸ் டப்பாவோடு நான் கிளம்பியபோது, பின்னாலேயே வாசல்படி வரைக்கும் வந்தாள். அடுத்த பீரியட் தமிழ், வேறு மிஸ் வருவார் என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள். ஆனாலும் நகரவில்லை. “அவங்க வர்றதுக்குள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா, அதுவரைக்கும் நாங்க யாரோட புள்ளைங்க மிஸ்?”

ஒரு தலை குறைகிறது

ஜூன் கடைசியில் ஒரு நாள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசிக்கு முந்தின பீரியட் என்னுடையது. பாதி வகுப்பு நோட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜையைச் சுற்றி மொய்த்திருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தர்ஷினியின் முகம் தெரிந்தது. “மிஸ், போயிட்டு வரேன்” என்றாள். நான் தலையாட்டினேன். ‘பாத்ரூம்’ என்ற சொல்லை இந்த வயதுப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். போயிட்டு வரேன் என்றால் எங்கள் வகுப்பில் அதுதான் அர்த்தம்.

கடைசி மணி அடித்து, நான் எண்ணியபோது ஒரு தலை குறைந்தது. மறுபடியும் எண்ணினேன். தர்ஷினி இல்லை, அவள் பையும் இல்லை. கழிவறை, நூலகம், மைதானம் எல்லாம் ஓடிப் பார்த்தேன். லேப் பூட்டியிருந்தது. ஆனாலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வாட்ச்மேனிடம் கேட்டால், “ஒரு பொண்ணு பையோட போச்சுங்க. மிஸ்கிட்ட சொல்லிட்டியான்னு கேட்டேன், சொல்லிட்டேன்னுச்சு” என்கிறார். அவள் அப்பாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

ரெஜினாவும் நானும் சத்திரத்துக்கு ஓடினோம். அந்த நேரத்துச் சத்திரத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே பார்த்தாலும் யூனிஃபார்ம், எங்கே பார்த்தாலும் இரட்டை ஜடை. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாப் பெண்ணும் தர்ஷினி, முன்னால் போய்ப் பார்த்தால் ஒருத்தியும் இல்லை. நான் தினமும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டுகிறவள். அன்றைக்கு அந்தத் திசையைப் பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. காலையில் பேசிய தண்ணீர்ப் பேச்சு காதில் ஓடியது. ரெஜினா என் தாடையைப் பிடித்துத் திருப்பினார். “பாலத்துப் பக்கம் பாக்காதீங்க மிஸ், பஸ்ஸ மட்டும் பாருங்க.”

அம்மா கேட்ட கேள்வி

ஒவ்வொரு லால்குடி பஸ்ஸிலும் ஏறி இறங்கினோம். கண்டக்டர்கள் திட்டினார்கள். நடுநடுவே அப்பாவின் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். இதற்கிடையில் மேடம் இரண்டு தடவை போனில் கூப்பிட்டு, போலீசுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னால் தாங்க முடியாது. எதுவும் ஆகாமல் இருந்தாலும், அவள் அப்பா நாளைக்கே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு நின்றேன்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த நம்பரில் மணி அடித்தது. எடுத்தது தர்ஷினியின் அம்மா. அவரைப் பயமுறுத்தக் கூடாதே என்று, “தர்ஷினி இருக்காளாம்மா?” என்று சாதாரணமாகக் கேட்டேன். பின்னால் ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தமும், ஒரு பெண் சிரிக்கிற சத்தமும் கேட்டது. அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். “அவ அப்பவே வந்துட்டாளே டீச்சர். நீங்க என்ன, இன்னும் வீட்டுக்குப் போகலியா?”

ரொம்ப அவசரம்

மறுநாள் காலை அசெம்பிளியில் மேடம், யார் பெயரையும் சொல்லாமல், ஒரு புது விதி போட்டார். இனிமேல் இந்தப் பள்ளியில் யாரும் மொட்டையாகப் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. பாத்ரூம் என்றால் ‘பாத்ரூம் போறேன்’, வீடு என்றால் ‘வீட்டுக்குப் போறேன்’. அவ்வளவுதான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

முதல் பீரியடிலேயே சிக்கல் வந்தது. தர்ஷினி இன்னும் வரவில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்துப் பெண் வைஷ்ணவி என் முன்னால் வந்து நின்று, வாயைத் திறந்தாள், மூடினாள், ஒற்றைக் காலில் நின்றாள். மேடம் சொன்ன மாதிரி சொல்லிவிட்டுப் போம்மா என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. “போறேன்னு சொல்லப்படாது மிஸ், அபசகுனம்னு எங்காத்துல திட்டுவா. ஆனா ரொம்ப அவசரம் மிஸ்.”

அப்பா வந்தார்

இடைவேளை நேரத்தில் தர்ஷினி அப்பாவோடு வந்தாள். மேடம் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நடந்தது இதுதான். முந்தின நாள் காலையிலேயே அவர்கள் ஊர் பஸ் கண்டக்டர், சாயங்கால வண்டி ஓடாது, முன் வண்டிக்கு வந்துவிடு என்று தர்ஷினியிடம் சொல்லியிருக்கிறார். அவளும் வந்துவிட்டாள். “சொல்லிட்டுத்தானே மிஸ் போனேன்” என்று என்னைப் பார்த்தாள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் நாம் சொல்வது ‘போயிட்டு வரேன்’தானே.

அப்பா நான் பயந்ததுபோல இல்லை. அலைய வைத்துவிட்டாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கை கூப்பினார். எனக்குப் பாதி உயிர் வந்தது. அப்போது மேடம் புது விதியைச் சொல்லி, “இனிமே வீட்டுக்குப் போறேன்னு தெளிவா சொல்லணும்” என்றார். அப்பாவின் முகம் மாறிவிட்டது. “அது மட்டும் முடியாதுங்க. என் தம்பி ஒருநாள் வெளையாட்டா ‘போறேன்’னுட்டுத்தான் வண்டிய எடுத்தான். திரும்பல. என் பொண்ணு வாயில அந்தச் சொல்லு வரக் கூடாதுங்க. அதான் சட்டம்னா டி.சி.ய குடுத்துடுங்க.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். இத்தனை தேடிக் கிடைத்த பெண்ணை ஒரு வார்த்தையில் விட்டுவிடப் போகிறோமே என்றிருந்தது எனக்கு.

தர்ஷினி அப்பாவையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “எங்க போறோம், எப்ப வருவோம், ரெண்டையும் சேத்து சொல்லலாமே மேடம்” என்றாள். சொல்லிக் காட்டு என்றார் மேடம். அவள் நிமிர்ந்து, ரெஜினா சொல்ல வைத்த அதே உரத்த குரலில், “மேடம், வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வரேன்” என்றாள். மேடம் மெதுவாகத் தலையாட்டினார். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அதான் நாளைக்கு வரேன்னு வாயால சொல்லிட்டாளே டீச்சர், இனிமே நான் என்னத்தச் சொல்றது.”

இப்போதெல்லாம் ‘வரேன்’ என்று சொல்லிக்கொண்டு யார் கிளம்பினாலும், என் வீட்டுக்காரர் உட்பட, ‘எங்கே போயிட்டு, எப்ப?’ என்று கேட்காமல் நான் தலையாட்டுவதில்லை.